‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’: தமிழர் தேநீர்ச் சுவையியல் குறித்து ஒரு முதனிலை ஆய்வு

டீக்கடை வாசலில் வந்து நிற்கும் தமிழரின் வாயிலிருந்து உதிரும் முதல் சொல் ‘அண்ணே’. இரண்டாவது ‘ஸ்ட்ராங்கா’. மூன்றாவது ‘ஒரு’, நான்காவது ‘டீ’. இந்த நாற்சொல் வாக்கியத்தில் அண்ணே என்பதற்கு ஆள் எதிரே நிற்கிறார். ஒரு என்பதற்கு எண்ணிக்கை இருக்கிறது. டீ என்பதற்கு ஆவி பறக்கச் சாட்சி இருக்கிறது. ஸ்ட்ராங் என்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வாளர் (இனி ‘நான்’, ஒவ்வொரு முறையும் ‘இவ்வாய்வாளர்’ என்று எழுதிக்கொண்டிருந்தால் டீ ஆறிவிடும்) முப்பத்தைந்து ஆண்டுகளாகக் களப்பணியில் இருக்கிறேன். காலை எழுந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று, யாராவது கூப்பிட்டால் ஒன்று. நிதிநல்கை ஏதும் பெறவில்லை. பெற்றிருந்தால் வாழைக்காய் பஜ்ஜியும் ஆய்வெல்லைக்குள் வந்திருக்கும்.

முன்னாய்வுகள்

இத்துறைக்கு முன்னோர் இல்லாமலில்லை. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் சீனத்தில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே தனி நூல் செய்தார். அதில் தண்ணீரை மூன்றாக வகுக்கிறார்: மலைநீர் தலை, ஆற்றுநீர் இடை, கிணற்றுநீர் கடை. எதைக் கண்டாலும் தலை, இடை, கடை என்று பிரிப்பது நம் புலவர்களின் தனிச்சொத்து என்று எண்ணியிருந்தேன், இல்லை போலும். தண்ணீர் கொதிப்பதையும் அவர் கட்டம் கட்டமாகப் பார்த்தார். முதலில் மீன்கண் போலக் குமிழி வரும். அடுத்து விளிம்பில் முத்துக் கோத்தாற்போல் எழும். மூன்றாவதாக அலை புரளும். அதற்கு மேலும் கொதித்தால் அந்நீருக்கு வயதாகிவிட்டது, குடிக்கத் தகாது என்பது அவர் தீர்ப்பு. எங்கள் தெருமுனைக் கடை பாய்லரில் விடியற்காலை நாலு மணிக்கு ஏறும் தண்ணீர் இரவு பத்து வரை கொதித்துக்கொண்டிருக்கிறது. லூ யூ கணக்கில் அதற்குக் கொள்ளுப்பேரன் இருக்க வேண்டும்.

அவருடைய வகைப்பாட்டைச் சென்னைக்குப் பொருத்திப் பார்த்தேன். கேன் தண்ணீர் தலை, லாரித் தண்ணீர் இடை, போர்த் தண்ணீர் கடை. கடைத்தண்ணீர் என்ற சொல்லுக்கு இவ்வூரில் இரு பொருள் இருப்பது ஆய்வுக்கு வசதியாக அமைந்தது. உப்பேறிய போர்த் தண்ணீரில் பால் விடாமல் போட்ட டீயின் மேல் சற்று நேரத்தில் மெல்லிய ஏடு ஒன்று படரும், எண்ணெய்போல் மினுங்கும். கிளாஸைக் கழுவவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒருமுறை நானே போயிருக்கிறேன். தண்ணீரிலுள்ள கால்சியமும் தேயிலையிலுள்ள பாலிபீனால்களும் காற்றோடு கூடிச் செய்யும் வேலை அது என்று பின்னால்தான் படித்தேன். எலுமிச்சை பிழிந்த டீயில் அந்த ஏடு படராது. கடைக்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்தவர்கள் ஆங்கிலேயர். டீயைச் சுவைத்துப் பார்ப்பதற்கு எப்படிப் போட வேண்டும் என்று ஐஎஸ்ஓ 3103 என்றொரு சர்வதேசத் தரம் 1980இல் வந்தது. பிரிட்டிஷ் தர நிறுவனத்தின் பிஎஸ் 6008 அதன் மூலம். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, பீங்கான் பாத்திரம், மூடி வைத்து ஆறு நிமிடம். டீ நன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் கவலையே இல்லை. எந்த ஊரில் யார் போட்டாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும், அவ்வளவுதான். இந்த ஆறு பக்க ஆவணத்துக்காக அந்நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் வேலைகளுக்கான பரிசு அது, கொடுத்தது இலக்கியத்துக்கு. எங்கள் தெருமுனை டீ மாஸ்டரிடம் ஆறு நிமிட விதியை எடுத்துச் சொன்னேன். ‘ஆறு நிமிசத்துல முப்பது டீ போட்டுருவேன் சார்’ என்றார். அவர் சிரிக்கவுமில்லை, சிந்திக்கவுமில்லை.

1946 ஜனவரியில் ஜார்ஜ் ஆர்வெல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ இதழில் நல்ல டீக்குப் பதினொரு விதிகள் வகுத்தார். பீகாரில் மோதிஹாரியில் பிறந்த மனிதர். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலை, வேறெதுவும் ஆகாது என்பது அவர் கட்சி. சீனத் தேயிலையைக் குடித்தால் அறிவோ துணிச்சலோ கூடியதாகத் தெரியவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். முக்கியமாக, டீ ஸ்ட்ராங்காக இருந்தே தீர வேண்டும் என்று தனி விதியே செய்தவர். அயல்நாட்டுச் சான்றோரில் நம் கட்சிக்காரர் இவர் ஒருவர்தான். சர்க்கரை போடக்கூடாது என்றும் அந்தப் பதினொன்றில் ஒரு விதி இருக்கிறது. அது இடைச்செருகலாக இருக்கலாம்.

தமிழில் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ 2000இல் வந்தது. தலைப்பில் காப்பி வந்துவிட்டது. தலைப்பில் டீ வரும் இடம் காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

இயல் 1: பெயராய்வு

சீனத்து ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் இதன் பெயர் ‘தே’. அத்துறைமுகங்களோடு வணிகம் செய்த டச்சுக்காரர் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போய் ‘டீ’ ஆயிற்று. சீனத்தின் மற்றப் பகுதிகளில் ‘சா’. அது தரைவழியாகவும், மக்காவ் போர்த்துக்கீசியர் வழியாகவும் பரவியது. மலையாளி சாயா குடிக்கிறார். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இப்பக்கம் வந்தால் அதே பானம் டீ. இலங்கைத் தமிழருக்குத் தேத்தண்ணி. ஆக, நம் ‘தேயிலை’யில் இருக்கும் ‘தே’ ஃபூஜியன் மீனவன் பேச்சுக்கு ‘டீ’யை விடவும் நெருக்கம்.

இவ்விடத்தில் ஒரு பிழையைச் சுட்டியாக வேண்டும். தே என்பதோடு நீர் சேர்ந்தால் தேநீர். தேன் என்பதோடு நீர் சேர்ந்தால் தேனீர். இரண்டும் வேறு. முன்னது பானம், பின்னது சித்த மருத்துவம். ஆயினும் தமிழகத்துப் பெயர்ப்பலகைகளில் பாதி இடங்களில் றன்னகர ‘னீ’ போட்டுத் ‘தேனீர் விடுதி’ என்றே எழுதியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கவனித்ததில், ‘தேனீர்’ என்று எழுதிய கடைகளில் சர்க்கரை அரைக் கரண்டி கூடுதலாக விழுகிறது. எழுத்துப்பிழைக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது.

இயல் 2: தூள் என்னும் தரம்

தேயிலை வணிகத்தில் முழு இலை மேலே, உடைந்த இலை அதன் கீழே, பொடி அடுத்து, டஸ்ட் எல்லாவற்றுக்கும் அடியில். முழு இலைக்கு ‘ஆரஞ்ச் பெக்கோ’ என்று பெயர். அதில் ஆரஞ்சுப் பழத்துக்கு வேலையே இல்லை. பெக்கோ என்பது இளந்தளிரின் மேலுள்ள வெண்ணிற மென்மயிரைக் குறித்த சீனச் சொல். ஆரஞ்சும் இல்லாமல், வெள்ளையும் தெரியாமல், கறுப்பாக இருக்கும் ஒரு பொருளுக்கு இப்பெயர் சூட்டியவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. மைசூர்பாகில் மைசூர் இருக்கிறதா?

1930களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் புதிய இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பற்கள் கொண்ட இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும். நடுவில் போகும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாக விழும். மூன்று வினைகளின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து சிடிசி. முன்பெல்லாம் இலையைச் சுருட்டி, பதமாகப் புளிக்கவிட்டு, உலர்த்துவார்கள். அதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். ஆசாரமான டீ என்று பொருள் கொள்க. சிடிசி குருணைக்கு மேற்பரப்பு அதிகம். வெந்நீர் பட்ட மாத்திரத்தில் சாயம் இறங்கிவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் ‘அண்ணே’ என்று கூப்பிடும் கடைக்கு அதுதான் சரிப்படும். தென்னாட்டுக் கடைகள் அதிலும் பொடியான டஸ்ட்டுக்குப் போயின.

வெள்ளைக்கார வியாபாரிக்கு டஸ்ட் என்பது தொழிற்சாலைத் தரையில் கூட்டி அள்ளியது போன்ற ஒரு சொல். அவன் அதைச் சொல்லக் கூசினான். நாம் அதைத் ‘தூள்’ என்று மொழிபெயர்த்தோம். தமிழில் தூள் என்பது எத்தகைய சொல்! பையன் பரீட்சையில் தூள் கிளப்புகிறான். படம் தூள். சாப்பாடு தூள். அடிமட்டத் தரத்துக்கு உச்சப் பாராட்டையே பெயராக வைத்த மொழி வேறு ஏதேனும் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இயல் 3: நாவில் பட்டவை

குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சுவைக்கூடத்தில் ஒரு முற்பகல் நிற்க வாய்த்தது. நீளமான மேசை. வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஊறிய இலை ஒரு மூடியில் குவிந்து கிடக்கிறது. சுவைஞர் கரண்டியில் ஒரு மடக்கு எடுத்து, உதட்டருகே கொண்டுபோய், ‘சுர்ர்ர்’ரென்று உறிஞ்சினார். சாலை தாண்டிக் கேட்டிருக்கும். வாய்க்குள் ஒரு சுழற்று. பக்கத்திலிருந்த தொட்டியில் துப்பல். அடுத்த கிண்ணம். ஐந்து நிமிடத்தில் முப்பது கிண்ணத்தைத் தாண்டிவிட்டார். உறிஞ்சும்போது காற்றும் டீயும் திவலையாகக் கலந்து தொண்டை வழியே மூக்கின் பின்புறத்துக்கு ஏறும்; மணம் அங்கேதான் தெரியும் என்று விளக்கினார். இதே ஓசைக்காகச் சிறு வயதில் அம்மாவிடம் எத்தனை முறை குட்டு வாங்கியிருப்பேன்! ‘சத்தம் போடாமக் குடிடா’ என்ற ஒரே கட்டளையால் ஒரு நல்ல உத்தியோகம் கைநழுவிப் போயிற்று.

அவர் என்னிடமும் ஒரு கரண்டியைக் கொடுத்தார். முதலாவது கிண்ணம் துள்ளலாக இருப்பதாக அவர் சொன்னார். எனக்குச் சூடாக இருந்தது. இரண்டாவதில் உடல்கட்டு இருப்பதாகச் சொன்னார். எனக்கு முன்னதைவிடச் சூடாக இருந்தது. மூன்றாவது மட்டம் என்று ஒதுக்கினார். அதுதான் எங்கள் தெருமுனை டீ மாதிரியே இருந்தது. வெட்கத்தை மறைத்துக்கொண்டு துப்பினேன். துப்பவும் எனக்குச் சரியாக வரவில்லை.

வெளியே வரும்போது அவர்கள் பெருமையோடு கொடுத்தது வெள்ளைத் தேயிலை. மலராத மொட்டை மட்டும் கிள்ளி, சுருட்டாமல் புளிக்கவிடாமல் உலர்த்தியது; விலையைச் சொன்னால் வீட்டில் பிரச்சினையாகும். சுவை குறித்த என் குறிப்பேட்டில் எழுதியிருப்பது: ‘தேயிலை அந்தப் பக்கமாகப் போனதாகக் கேள்விப்பட்ட வெந்நீர்.’ கிளாஸ் காலியான பிறகு ஏதோ ஒரு மணம் உள்நாக்கில் கொஞ்ச நேரம் நின்றதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

டார்ஜிலிங்கின் இரண்டாம் பறிப்பு டீயை நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். முந்திரிப்பழ வாடை என்று நான் சொல்ல, ‘மஸ்கட்டல், அது ஒருவகைத் திராட்சை’ என்று திருத்தினார். அந்த மணத்துக்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. சிறிய தத்துப்பூச்சி இலையைக் கடித்துச் சாறு உறிஞ்ச, செடி தற்காப்புக்காகச் சில வேதிப்பொருள்களைச் சுரக்க, அதுவே கோப்பையில் மணமாகிறது. பூச்சி கடித்த இலைக்குக் கூடுதல் விலை. கோயம்பேட்டில் பூச்சி அரித்த கத்தரிக்காயைக் காட்டி ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடியதை நினைத்துக்கொண்டு குடித்தேன்.

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது; ஆனால் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஜீப் மட்டுமே போகும். போகும் என்பதும் ஒரு மரியாதைக்குச் சொல்வது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறையும்; ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஊட்டியிலேயே 92, 93 டிகிரியில் தளதளத்துவிடும். இங்கேயும் அதே கதை. அந்தக் கொதிநிலையில், அந்தக் குளிரில், மேகம் காலடியில் கிடக்க, பழைய தொழிற்சாலை வாசலில் நின்று குடித்த ஆசாரமான டீ என் வாழ்நாளின் முதல் ஐந்துக்குள் வரும். பொட்டலம் ஒன்று வாங்கிவந்தேன். வீட்டில் பாலைக் காய்ச்சி, தூளைப் போட்டு, வழக்கம்போல் கொதிக்கவிட்டார்கள். ‘ஏங்க, எந்தக் கடையில ஏமாந்தீங்க? சாயமே இறங்கல’ என்றாள் மனைவி. இன்னொரு கரண்டி போட்டாள். பிறகு இன்னொன்று. நாலாம் நாள் பொட்டலம் தீர்ந்தது, சாயம் இறங்கவில்லை.

பச்சைத் தேயிலையை டாக்டர் சொல்லிக் குடித்தேன். பதினோரு நாள். டாக்டரை மாற்றிவிட்டேன்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாப் பக்கம் தமிழ் முஸ்லிம் கடை ஒன்றில் தே தாரிக் குடித்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாரிக் என்றால் மலாயில் இழுத்தல். கெட்டியான டிக்காசனும் டின்பாலும் கலந்த குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே இருக்கும் குவளையில் இழுத்து விடுகிறார்கள். நம்மூர் ஆற்றுதல்தான், கடல் கடந்ததும் கை நீண்டுவிட்டது. மேலே நிற்கும் நுரை கரண்டியால் அள்ளலாம். தித்திப்பு பல்லில் ஏறுகிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது அங்குள்ள இலக்கணம். பால் வேண்டாமென்றால் ‘தே ஓ’. சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’. டின்பாலுக்குப் பதில் சர்க்கரை சேராத சுண்டிய பால் என்றால் ‘தே சி’. சிங்கப்பூரில் இன்னும் ஒருபடி மேல்: கெட்டிக்கு ‘தே காவ்’, நீர்த்ததற்கு ‘தே போ’. மலாயும் ஹொக்கியனும் தோளில் கைபோட்டு நிற்க, ஒவ்வொரு விகுதிக்கும் ஒரு பொருள் உண்டு, கேட்டது கேட்டபடி வருகிறது. தொல்காப்பியம் கண்ட இனம் டீக்கு வைத்திருப்பதோ லைட், மீடியம், ஸ்ட்ராங். மூன்றும் ஆங்கிலம். மூன்றுக்கும் வரையறை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது பந்தலூர்ப் பக்கம் குடித்த பிளேன்டீ. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்ப அனுப்பப்பட்டவர்களுக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. இன்று அவை டான்டீ என்ற அரசுக் கழகத்தின் தோட்டங்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் அப்பத்தா ஒருவர் டம்ளரை என் முன் வைத்தார். பால் இல்லை. சர்க்கரை இல்லை. செக்கச் செவேலென்று இருந்தது. என் தயக்கத்தைப் பார்த்து உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார். ‘சீனிய நக்கிக்கிட்டே குடிங்க தம்பி. உள்ள போட்டுக் கலக்குனா செலவு ஜாஸ்தி.’ நக்கினேன், குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு துவர்ப்பு, மறுபடி இனிப்பு, மறுபடி துவர்ப்பு. ஆறு சுவையில் தொடக்கமும் முடிவும் கலக்காமல் மாறிமாறி வந்தன. கரைத்துவிட்டால் இது கிடைக்காது.

அந்த இலங்கையில், 1867இல் கண்டிக்கருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த இருபதாண்டில் துருநோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. காப்பி இல்லாமல் போன அந்தக் காலத்துக்குப் பிறகு மலை முழுக்கத் தேயிலை ஏறியது. ஏற்றியவர்கள் இங்கிருந்து போன நம் ஆட்கள். ‘ரெண்டு எல ஒரு மொட்டு கிள்ளித்தான் கொடுத்தோம். அதெல்லாம் கப்பலுக்கு. லயத்துக்கு வந்தது தூளு’ என்றார் அப்பத்தா. டம்ளரைக் காட்டி, ‘இதுவும் தூளுதான்’ என்றார். தூள் குறித்து இரண்டாம் இயலில் நான் செய்த சொல்விளையாட்டை அங்கே எடுத்துச் சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இயல் 4: இஞ்சி, ஏலம், மசாலா

(முதற்சங்க நூல்கள் கடல்கோளில் போனதுபோல, இவ்வியலின் கைப்பிரதி இஞ்சி டீ கவிழ்ந்து போயிற்று. எஞ்சிய ஒரே வரி: ‘சுக்கு மல்லிக் காப்பியில் காப்பி இல்லை.’)

இயல் 5: ஸ்ட்ராங்

இப்போது மையப் பொருளுக்கு வருவோம். ஸ்ட்ராங் என்று நாம் சொல்வது எதை? நிறத்தையா, சூட்டையா, துவர்ப்பையா?

துவர்ப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு முரண் வருகிறது. துவர்ப்பை ஒரு சுவையாக நாம் எண்ணினாலும், இன்றைய அறிவியல் அதைத் தொடுவுணர்வு என்கிறது. தேயிலையின் பாலிபீனால்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ள, வழவழப்புப் போய் நாக்கும் கன்னமும் வறண்டு இழுக்கின்றன. பாலை ஊற்றினால் என்ன ஆகிறது? பாலிலுள்ள கேசின் புரதம் முந்திக்கொண்டு அந்தப் பாலிபீனால்களைப் பிடித்துவிடுகிறது. எச்சில் தப்பித்தது, துவர்ப்பு அடங்கியது. அதாவது, சீக்கிரம் துவர்ப்பு இறங்கவேண்டும் என்று இலையைத் தூளாக்கினோம். தூளைக் கொதிக்கும் தண்ணீரில் கசக்கினோம். இறங்கிய துவர்ப்பைப் பாலை ஊற்றிக் கொன்றோம். கொன்ற பிறகு ‘அண்ணே, ஸ்ட்ராங்கா’ என்கிறோம். தமிழர் தேநீர்ப் பண்பாட்டின் மொத்த தத்துவமும் ஒரு கிளாஸுக்குள் அடங்கியிருப்பதாக எனக்குப்பட்டது.

களத்தில் சோதிக்க எண்ணினேன். எங்கள் மாஸ்டர் பழைய முறைக்காரர். துணி வடிகட்டியில் தூள். அதன் வழியே பாய்லர் வெந்நீர். கிளாஸில் சர்க்கரை, மேலே பால், அதன்மேல் டிக்காசன், பிறகு ஒரு ஆற்று. கூட்டமில்லாத மூன்று மணி வேளையில் அருகில் நின்று பார்த்ததில், லைட் என்றால் பால் சற்றுக் கூடுகிறது. ஸ்ட்ராங் என்றால் டிக்காசன் குவளை இரண்டாம் முறை சாய்கிறது. மீடியம் என்றால் மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டுகிறார். வேறுபாடு இருக்கிறது, மறுக்கவில்லை. காலை ஏழு மணிக் கூட்டத்தில் இது எதுவும் நடக்காது. பத்து கிளாஸை வரிசையாக அடுக்கி, குவளையை ஒரே இழுப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊற்றிக்கொண்டு போகிறார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும்போது ‘சார் ஸ்ட்ராங், அண்ணன் லைட்டு, தம்பி சக்கரை கம்மி’ என்று பெயர் சூட்டுகிறார். பெற்றுக்கொண்டவர்கள் குடிக்கிறார்கள். ஒருவரும் திருப்பித் தரவில்லை. சர்க்கரை கம்மி கேட்ட தம்பி மட்டும் லேசாக முகம் சுளித்தான், மறுநாளும் வந்தான்.

வங்கியில் ஓய்வுபெற்ற நண்பரைக் கூட்டிப்போய், அவர் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, மூன்று கிளாஸையும் பிரித்துச் சொல்லும்படி கேட்க முயன்றேன். ‘சார், யாவார நேரத்துல கண்ணக் கட்டி வெளையாடாதீங்க, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க’ என்று மாஸ்டர் தடுத்துவிட்டார். ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி கிடைக்காத சோதனைகளின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்க.

விடை வேறிடத்தில் கிடைத்தது. ஊரிலிருந்து திரும்பி எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தபோது இரவு பன்னிரண்டு தாண்டியிருந்தது. சைக்கிள் டீக்காரர் ஒருவர் நின்றிருந்தார். பின் கேரியரில் எவர்சில்வர் ட்ரம். அடியில் ஒரு குழாய்.

‘லைட்டா, ஸ்ட்ராங்கா சார்?’

‘ஸ்ட்ராங்’ என்றேன், பழக்கதோஷத்தில். குழாயைத் திறந்து பேப்பர் கப்பை நிரப்பினார். எனக்குப் பின்னால் வந்த ஆட்டோக்காரர் ‘எனக்கு லைட்டா குடு நைனா’ என்றார். அதே குழாய். அதே ட்ரம். ஆட்டோக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்தியோடு பீடியைப் பற்றவைத்தார்.

ஆய்வாளன் விழித்துக்கொண்டான்.

‘குழாய் ஒண்ணுதானே இருக்கு?’

‘ஒண்ணுதான் சார்.’

‘அப்புறம் எதுக்கு லைட்டா ஸ்ட்ராங்கான்னு கேக்குறீங்க?’

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முப்பத்தைந்தாண்டுக் களப்பணி ஆடிப்போயிற்று.

‘கேக்காம குடுத்தா, டீ சரியில்லேன்னு சொல்றாங்க சார்.’

கப்பில் பாதி மிச்சமிருந்தது. ட்ரம்மையும் குழாயையும் கண்ணால் பார்த்துக்கொண்டே குடித்தேன். ஸ்ட்ராங்காகத்தான் இருந்தது.

இதற்கு மேல் சோதிக்க ஒன்றுதான் பாக்கி. கண்ணைக் கட்டிக்கொண்டு லைட்டையும் ஸ்ட்ராங்கையும் பிரித்துச் சொல்ல முடியும் என்று நம்பும் வாசகர் எவராவது இருந்தால் தெரிவிக்கவும். மாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மதியம் மூன்று மணிக்கு வந்தால் நல்லது. அப்போது கூட்டம் இருக்காது. கைக்குட்டை என்னுடையது, டீக்காசு அவருடையது.